அண்ணனின் குரல் கருவியில் கசிந்த பேட்டரி

"1-11-2006. அண்ணனின் குரல் கருவி. திறந்து பார்த்தேன். கசிவு இல்லை."

என் பேட்டரி நோட்டில் நானே நீல மையில் எழுதிய வரி இது. இதில் தேதி மட்டும்தான் உண்மை. அன்றைக்கு நான் அண்ணன் வீட்டுப் பக்கமே போகவில்லை.

பேட்டரிக்கென்று ஒருவன் நோட்டுப் போடுவானா என்று கேட்கலாம். நான் விருதுநகரிலிருந்து தினமும் பஸ் ஏறி சிவகாசிக்குப் போய், ஒரு கேலண்டர் கம்பெனியில் பிழை பார்த்தவன். தினசரித் தாளில் அமாவாசை ஒரு நாள் தள்ளி அச்சாகிவிட்டால் எங்கிருந்தோ போன் வரும். அதனால் எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது கைப்பழக்கமாகிவிட்டது. இந்த நோட்டைத் தொடங்கியது 2003-இல், பங்குனிப் பொங்கல் சமயத்தில். பொருட்காட்சியில் ஒரு விளையாட்டு இயந்திரம் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு உருளும், பக்கத்துப் பித்தானைத் தட்டிக் குண்டை மேலே ஏற்ற வேண்டும். அது ஓடவில்லை. அதன் சொந்தக்காரர் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கரண்டை நிறுத்தினாலும் எண்ணிக்கை மறந்துபோகாமல் இருக்க உள்ளே மூன்று சின்ன பேட்டரி உண்டாம். அது கசிந்து பலகை முழுக்கப் பச்சைப் பாசி மாதிரி படர்ந்திருந்தது. ஒயரின் தோலுக்குள்ளேயும் ஏறியிருந்தது. "மூணு கட்டை பேட்டரிங்க. அதுக்குப் போய் இந்த மிஷினே போச்சு" என்றார் அவர்.

அடுத்த ஒன்றாம் தேதி முதல் வீட்டில் பேட்டரி போட்ட எல்லாவற்றையும் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். சுவர்க் கடிகாரம், டிவி ரிமோட், டார்ச், கால்குலேட்டர். பேட்டரியின் அடியில் போட்ட தேதியைப் பேனாவால் எழுதுவேன். பழசையும் புதுசையும் சேர்த்துப் போட விடமாட்டேன். உபயோகிக்காத சாமானில் பேட்டரியை விட்டு வைக்க மாட்டேன். எங்கள் தெருவில் தீர்ந்த பேட்டரியை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வற்றல் மாதிரி வரிசையாக வெயிலில் காய வைப்பார்கள். இரண்டு நாள் கூட ஓடும் என்று நம்பிக்கை. காய்ந்தது சீக்கிரம் கசியும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். என் மனைவி சொல்வாள்: "விஸ்வநத்தத்துல பட்டாசு மருந்து வெடிக்காமப் பாத்துக்கிற ஆளுக கூட இம்புட்டுப் பயப்பட மாட்டாக. ஒண்ணாந்தேதி வந்துருச்சுல்ல, ரிமோட்டுக்கு வைத்தியம் பாக்க உக்காந்துட்டீக."

அண்ணன் மார்க்கெட்டில் மல்லி, வத்தல் கமிஷன் வியாபாரம் செய்தார். தரகு பேசுகிற குரல். நாலு கடை தள்ளி நின்றாலும் அண்ணன்தான் விலை கேட்கிறார் என்று தெரிந்துவிடும். 2005-இல் தொண்டையில் புற்று என்று சொல்லி மதுரையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, மூச்சு அது வழியாக. பேச்சு கிடையாது. நான் கம்பெனியிலிருந்து வெட்டு மாறிப்போன தினசரித் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பேன். அதன் பின்பக்கம் எழுதித்தான் அண்ணன் எல்லோரிடமும் பேசினார்.

ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் ஒரு கருவி வாங்கிக் கொடுத்தார்கள். கைக்கு அடக்கமான டார்ச் லைட் போல இருக்கும். அடியில் ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி ஒன்று. தாடைக்குக் கீழே அழுத்திப் பித்தானை அமுக்கினால் அதிரும். வாயை அசைத்தால் அந்த அதிர்வு சொல்லாக வெளியே வரும். அண்ணன் அதை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போனார். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "ஏலே, மாவு மில்லு பேசுதுலே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவன் அண்ணனிடம் கூலி வாங்குகிறவன்தான். அண்ணன் கருவியைச் சட்டைப் பையில் போட்டார். அதற்குப் பிறகு வெளியே எடுக்கவில்லை.

2006 ஆகஸ்டில் அண்ணன் மகளுக்கு நிக்காஹ் முடிவானது. டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. ஒரே பிள்ளை. எங்கள் பக்கத்தில் நிக்காஹ் ஓதுவதற்கு முன்னால் பெண்ணின் அத்தா, அதாவது அப்பா, இரண்டு சாட்சிகளோடு பெண் இருக்கும் அறைக்குப் போவார். இன்னாரின் மகன் இன்னாருக்கு, அவர் தரும் இத்தனை மஹருக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று கேட்பார். பெண் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டால்தான் மற்றதெல்லாம். அண்ணன் ஒரு தாளை என் பக்கம் நீட்டினார். "அவகிட்ட நாந்தான் கேப்பேன். வாயால கேப்பேன்."

அந்த மாதம் ஒரு வாரம் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். நான் எதிரே உட்கார்ந்து கேட்டேன். கருவியில் 'ஹ' வராது. மஹர் மகர் ஆகிவிடும். நிக்காஹ் பாதியில் நின்றுவிடும். ஆனால் புரிந்தது. ஏழாம் நாள் அந்த ஒரு வாக்கியத்தை நிறுத்தாமல் முழுதாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கருவியைப் பீரோவில் வைக்கப் போனார். பேட்டரியைக் கழற்றி வைக்கலாம் அண்ணே என்றேன். அவர் எழுதினார்: "அன்னைக்குக் கல்யாண வீட்டுல பேட்டரிய தேடிக்கிட்டு நிக்க முடியாது. உள்ளயே இருக்கட்டும். தயாரா இருக்கணும்." எனக்கு மனசில்லை. புதுப் பேட்டரி ஒன்றில் தேதி எழுதிப் போட்டேன். மாதா மாதம் ஒன்றாம் தேதி நான் வந்து திறந்து பார்ப்பேன், அந்தப் பொறுப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

செப்டம்பர் 1 போனேன். திறந்தேன். சுத்தமாக இருந்தது. அந்த வரி உண்மை.

அக்டோபரில் நோன்பு. கம்பெனியில் சீசன் உச்சத்தில் இருந்தது. இரவு எட்டரைக்குத்தான் பஸ் ஏற முடியும். ஒன்றாம் தேதி தெருவில் அண்ணன் மகளைப் பார்த்தேன். "அத்தாவோட கருவி பத்திரமா இருக்காம்மா?" என்றேன். "பீரோவுலதான் இருக்கு சின்னத்தா, யாரு எடுக்கப் போறா" என்றாள். வீட்டுக்கு வந்து 'திறந்து பார்த்தேன்' என்று எழுதினேன். ஒரு கட்டம் காலியாக இருப்பது எனக்குப் பிடிக்காது. காரணம் அவ்வளவுதான். நவம்பர் 1 அன்று யாரையும் கேட்கக்கூட இல்லை.

நவம்பர் நடுவில் அண்ணன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளோடு வந்தார், பிழை பார்த்துக் கொடுக்கச் சொல்லி. பார்த்துக் கொடுத்தேன். போகும்போது வாசலில் நின்று ஒரு தாளை நீட்டினார். "கருவியப் பாத்தியா? நான் ஒரு தடவ எடுத்துப் பாக்கவா?"

பாருங்க அண்ணே என்று சொல்லியிருந்தால் போதும். நான் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். பக்கத்தைத் திருப்பி அந்த வரியைக் காட்டினேன். "ஒண்ணாந்தேதிதான் பாத்தேன். நீங்க தொட்டுக் குழப்ப வேணாம்" என்றேன். அவர் வரியின் மேல் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். தலையாட்டிவிட்டுப் போனார்.

டிசம்பர் 1 அன்றும் அதே வரியை எழுதினேன். அதற்குள் கை பழகிவிட்டது.

டிசம்பர் 8 வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். வேகமாக நடந்து வந்ததில் கழுத்துத் துளையில் மூச்சு இரைந்தது. துண்டில் சுற்றிய கருவியை மேசையில் வைத்துப் பித்தானை அமுக்கிக் காட்டினார். சத்தமே இல்லை. நான் அடிமூடியைத் தள்ளினேன், வரவில்லை. கத்தி முனையால் நெம்பியபோது வெள்ளையும் நீலமுமாகப் பொடி உதிர்ந்தது. பேட்டரி வீங்கி உள்ளே இறுகியிருந்தது. ஒயர் கறுத்திருந்தது. என் மனைவி வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அவசரத்தில் எலுமிச்சம்பழம் நறுக்கித் தேய்த்தேன். எதிலோ படித்த ஞாபகம். பிறகு இருவரும் ரேடியோ மெக்கானிக்கிடம் ஓடினோம். அவர் மோந்து பார்த்தார்.

"எலுமிச்சம்பழமா போட்டீக பாய்?"

"ஆமா."

"இது சாதாக் கட்டை பேட்டரி. கசியிறதே புளிப்புத் தண்ணிதான். அதுமேல இன்னும் புளிப்ப ஊத்தியிருக்கீக." பலகையை வெளிச்சத்துக்குத் தூக்கினார். "பலகைய விடுங்க, சுரண்டி ஒட்டிருவேன். உள்ள அதிருற சுருளு இருக்கு பாருங்க, முடி மாதிரிக் கம்பி. தலைகீழா நிக்க வச்சிருந்தீகளோ? தண்ணி ஒயர் வழியா எறங்கி அதத் தின்னுருச்சு. இந்தச் சாமான் இங்கன கிடைக்காது. எம்புட்டு நாளாச்சு தொறந்து பாத்து?"

நான் மேசையில் உதிர்ந்திருந்த பொடியை விரலால் ஒதுக்கினேன்.

"போன மாசம் தொறந்து பாத்திருந்தாக்கூட கசிவு வாய்ப்பக்கத்தோட நின்னுருக்கும், துடைச்சிருக்கலாம்" என்றார் அவர். பேட்டரியைக் காலடியில் இருந்த தகரத்துக்குள் போட்டார். அண்ணன் என் பக்கத்தில்தான் நின்றார். காது அவருக்கு நன்றாகவே கேட்கும்.

மறுநாள் மதுரைக்குப் போனேன். ஆர்டர் போட்டால் பத்து நாளில் வரும் என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் நின்றுகொண்டே வந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை. நிக்காஹ் ஓத வந்த ஹஜ்ரத் நல்ல மனிதர். "மார்க்கத்துல இதுக்கு ஒரு சிரமமும் இல்ல. நீங்க தலையாட்டுனாப் போதும். தம்பி உங்க சார்பா வக்கீலா இருந்து கேக்கட்டும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தார். தலையாட்டினார்.

அறையில் அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.  அண்ணன் ஏழு நாள் பழகிய வாக்கியத்தை நான் சொன்னேன். எல்லா 'ஹ'வும் சுத்தமாக வந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பக்கத்தில் நின்ற அத்தாவைப் பார்த்தாள். நான் திரும்பினேன். அண்ணனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. என்னைவிட ஒரு சொல் பின்னால். நான் முடித்த பிறகும் அவர் முடிக்கவில்லை. அவர் வாய் மூடும்வரை அவள் காத்திருந்துதான் "சம்மதம்" என்றாள்.

புதுக் கருவி டிசம்பர் 21 அன்று வந்தது. அண்ணன் பெட்டியைப் பிரிக்கவில்லை. இனி அவரைப் பேசச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம் என்று மதினியிடம் எழுதிக் காட்டியிருக்கிறார். ஜனவரியில் ஒரு நாள் நோட்டை எடுத்துக்கொண்டு போய், மூன்று வரியும் பொய் என்று அவரிடம் சொன்னேன். முழுதாகக் கேட்டார். தாள் கட்டு கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. அவர் எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் மதினிக்கு எழுதினார், மகளுக்கு எழுதினார், பால்காரருக்குக்கூட எழுதினார். எனக்கு எழுதவில்லை. போனால் உட்காரச் சொல்லிக் கை காட்டுவார். டீ வரும். குடித்துவிட்டு வருவேன். 2008 மார்ச்சில் அவர் மவுத்தாகும்வரை இப்படித்தான் நடந்தது.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு பல்பு வாங்கப் போன இடத்தில் எலக்ட்ரிக் கடைக்காரர் அண்ணனைப் பற்றிப் பேச்செடுத்தார். "ஒரு தடவ வந்து கழுத்தத் தொட்டுக் காட்டி அந்தச் சதுர பேட்டரி ஒண்ணு வாங்கிட்டுப் போனாக பாய். நோன்பு சமயம். தண்ணி குடுக்கப் போனேன், நோன்புன்னு சைகை காட்டுனாக. அதான் ஞாபகம்."

"எந்த வருஷ நோன்பு?"

யோசித்தார். "முந்தின வருசமா, அதுக்கும் முந்தினதா, தெரியலையே."

2006 நோன்பு என்றால், அண்ணன் தனியாக எடுத்துப் பழகியிருக்கிறார். பேட்டரியையும் அவரே மாற்றியிருக்கிறார். நவம்பரில் வாசலில் நின்று பார்த்தியா என்று அவர் கேட்டபோது, உள்ளே இருந்தது நான் தேதி எழுதிய பேட்டரி அல்ல. நான் திறந்திருந்தால் பேட்டரி மாறியிருப்பதைக் கேட்டிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். அப்படியானால் என் வரியின் மேல் விரல் வைத்துப் படிக்கும்போதே அது பொய் என்று தெரிந்துதான் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார். 2007 நோன்பு என்றால், செத்துப்போன அந்தப் பழைய கருவிக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு பேட்டரி வாங்கிப் போட்டு, அமுக்கிப் பார்த்திருக்கிறார்.

கடைக்காரர் பில் போடுவதில்லை. மெக்கானிக் தகரத்தில் போட்ட பேட்டரியின் அடியில் நான் எழுதிய தேதி இருந்ததா என்று நான் அன்று குனிந்து பார்க்கவில்லை. மதினிக்கு எதுவும் தெரியாது. மகளிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. எந்த வருஷம் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.