எட்வேட்டின் குடியரசும் லோறென்ஸ்கூக் கோட்டையும்

எட்வேட் ஓட்டும் சுரங்க ரயில் எல்லிங்ஸ்ருட் மேட்டோடு நின்றுவிடும். அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. ஆகவே அதற்கப்பால் ஒஸ்லோவும் இல்லை, மனிதர் வாழத்தக்க வேறெதுவும் இல்லை என்பது அவருடைய முடிவு. கொஞ்சத் தூரம் நடந்தால் லோறென்ஸ்கூக். அங்கேயும் இதே மரம், இதே பனி, வீடு வாங்கிப் போன நம்முடைய சனம். இருந்தாலும் கடைசி நிலையம் வரை ஓட்டிவிட்டுத் திரும்புகிற மனிதனுக்கு எல்லை என்றால் எல்லைதான்.

எங்கள் மாடிக் கட்டடத்தில் எட்வேட்டும் மனைவி மக்டலீனும் மேல் தளம், நான் கீழ்த் தளம். லிஃப்ட் கிடையாது. வேலை முடிந்து வந்தால் என் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் மேலே ஏறுவார். நான் பள்ளிக்கூடத்துப் படி மிதிக்காதவள். ஆனாலும் அமெரிக்காவின் சரித்திரம் எனக்குத் தெரியும். அவ்வளவு தேத்தண்ணி ஊற்றியிருக்கிறேன்.

அந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்த கதை சின்னது. மன்னார்க் கரையிலிருந்து அகதியாக வந்த முதல் குளிர்காலம் இந்த நாட்டின் வடக்கே ஒரு முகாமில் கழிந்தது. பகலிலும் வெளிச்சமில்லாத ஊர். முகாம் அலமாரியில் ஆங்கிலத்தில் கிடந்தது ஒரேயொரு புத்தகம், அமெரிக்கா புதிதாய் நாடானபோது பட்ட பாடுகளைப் பற்றியது. அந்த இடத்தில் ஒரு சமையல் புத்தகம் கிடந்திருந்தால் மக்டலீன் எவ்வளவு சுகமாக இருந்திருப்பாள்!

"மாமி, இங்கிலாந்து வெள்ளைக்காரனை அடிச்சுக் கலைச்ச பிறகுதான் அவைக்குக் கரைச்சலே துவங்கினது" என்பார். "பதின்மூண்டு மாநிலம். ஒண்டை ஒண்டு நம்பாது. நடுவிலை ஒரு பேரவை, ஆனா அதின்ரை சொல்லை ஒருத்தரும் கேக்கிறேல்லை. சமாதான ஒப்பந்தத்தை ஏற்கிறதுக்குக் கூட்டம் வைச்சா, அதுக்கே போதிய ஆள் வரேல்லை."

"அப்ப எங்கடை சனம் மாதிரித்தான்."

"அதைத்தானே சொல்லுறன்! போறன் எண்டு சொன்ன வெள்ளைக்காரன் ஏரிப்பக்கத்துக் கோட்டையளை விட்டுப் போகேல்லை. ஆத்து வாயை ஸ்பெயின்காரன் அடைச்சுப் போட்டான். மலைக்கு அங்காலை கிடந்த காணிக்கு எல்லா மாநிலமும் தன்ரை தன்ரை எண்டு அடிபட்டுது."

"அந்தக் காணியிலை முதலே ஆக்கள் இருக்கேல்லையோ?"

"இருந்தவைதான்."

"அவையிட்டை ஒரு சொல்லுக் கேட்டவையோ?"

எட்வேட் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். "அது வேறை அத்தியாயம், மாமி."

இப்படிப்பட்டவர் சும்மா இருப்பாரா? ஒஸ்லோவில் இருந்த ஊர்ச் சங்கங்களையெல்லாம் சேர்த்து ஓர் ஒன்றியம் அமைத்தார். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு சங்கம். அவர் முகம் வாடிப் போயிற்று. ஒரு கிழமைக்குள் தன்னுடைய ஊருக்கும் ஒரு சங்கம் தொடங்கிப் பதின்மூன்றாக்கிவிட்டார். அந்த ஊர்க்காரருக்கு ஒஸ்லோவில் இருந்தது மூன்று வீடு. ஒன்று அவருடையது. ஒன்று மக்டலீனின் தம்பியுடையது. மூன்றாவது வீட்டுக்காரர் அவரோடு கதைப்பதில்லை.

தலைவர் எட்வேட். செயலாளர் சிவானந்தன், பருத்தித்துறைப் பக்கத்து ஆள், தங்கமான மனிதர். இரண்டு பேரும் உடன்பிறந்தவர்கள் போலத்தான் இருந்தார்கள், சிவானந்தன் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கும் வரைக்கும். வாங்கினாலும் பரவாயில்லை. அந்த வீட்டுக்குப் பெரிய கராஜ் இருந்தது. ஒஸ்லோவுக்குள் ட்வெய்ட்டாவில் வாடகைக்கு எடுத்த அறையில் கிடந்த, ஒன்றியத்தின் சோறு காய்ச்சும் பெரிய கிடாரங்களையும் கூடாரத்தையும் கரப்பந்து வலையையும் அவர் தன் கராஜுக்கு ஏற்றிப் போய்விட்டார். நல்லதை நினைத்துத்தான் செய்தார். எட்வேட்டுக்கு அது வெள்ளைக்காரன் விடாத கோட்டையாகத் தெரிந்தது.

"கிடாரங்களைத் திருப்பித் தாங்கோ, சிவானந்தண்ணை. அது ஒஸ்லோச் சொத்து."

"கொண்டுபோய் எங்கை வைக்கப்போறீர்? உம்மடை கட்டிலுக்குக் கீழையோ?"

"இறையாண்மை எண்டு ஒண்டு இருக்கு."

"இருக்கட்டும். அதுக்குள்ளை எத்தினை கிடாரம் பிடிக்கும்?"

இதற்குப் பிறகுதான் ஒன்றியத்தின் சட்ட யாப்பில் பதினான்காம் பிரிவு வந்தது. ஒஸ்லோ மாநகர எல்லைக்குள் வசிப்பவர்களே வாக்களிக்கலாம், பதவி வகிக்கலாம். எல்லைக்கு வெளியே போனவர்கள் 'பிரதேச உறுப்பினர்'. பிரதேச உறுப்பினர் விழாவுக்கு வரலாம், கதிரை தூக்கலாம், சாப்பிடலாம். வாய் திறக்கக் கூடாது. அமெரிக்காக்காரரும் மலைக்கு அங்கால் போனவர்களை முதலில் இப்படித்தான் வைத்திருந்தார்களாம். ஆனால் அங்கே சட்டத்துக்கு இரண்டாம் பாதி ஒன்றும் இருந்தது: சனம் பெருகினால் அந்தப் பிரதேசமும் மற்ற மாநிலங்களுக்குச் சமமாக உள்ளே வரலாம். எட்வேட் அந்தப் பாதியை எழுதவில்லை. தாள் காணாது என்று சொன்னார்.

பொதுக்கூட்டத்தில் விளக்கேற்றி, அகவணக்கம் செலுத்தி, யாப்பை வாசிக்கத் தொடங்கினார். பதின்மூன்றாம் பிரிவு முடிகிற நேரம் குசினிப் பக்கமிருந்து மீன் றோல்ஸ் பொரிகிற வாசம் வந்தது. நம்முடைய கூட்டங்களில் வழமை அதுதான். தீர்மானம் நிறைவேறினால்தான் தட்டு வெளியே வரும். பதினான்காம் பிரிவு என்று அவர் வாய் திறந்ததும் மண்டபம் முழுக்கக் கை உயர்ந்தது. சிவானந்தனின் கையும் உயர்ந்தது. தன்னுடைய வாக்கைப் பறிக்கத் தானே வாக்குப் போட்டுவிட்டு, பாவம், முதல் ஆளாக வரிசையில் போய் நின்றார்.

இனி மக்டலீனின் கதைக்கு வருகிறேன். இந்தக் குடியரசைச் சுமந்ததெல்லாம் அவளுடைய முழங்கால்தான். முதியோர் இல்லத்தில் பகல் முழுக்க ஆட்களைத் தூக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து அத்தனை படியும் ஏறவேண்டும். கடைசி வருடம் என் வாசலில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போவாள். மகள் நிலூஜா இருந்ததும் லோறென்ஸ்கூக்கில். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் படி இல்லாத ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. வங்கிக் கடன் பத்திரத்தில் எட்வேட் முன்னமே கையெழுத்து வைத்திருந்தார். அமெரிக்க யாப்பைக் கமாவோடு பாடம் சொல்கிற மனிதர், வங்கிப் பத்திரத்தை வாசிக்காமலே வைத்த கையெழுத்து அது. தாயும் மகளுமாகக் கைத்தொலைபேசியிலேயே ஏலத்தில் விலையை ஏற்றி ஏற்றி வீட்டை எடுத்துவிட்டார்கள்.

அன்று பின்னேரம் மேலே சத்தம். நான் கதவைத் திறந்து வைத்தேன். காற்று வரட்டும் என்றுதான்.

"இஞ்சேருங்கோ, வீடு கிடைச்சிட்டுது."

"எங்கை?"

"லோறென்ஸ்கூக்கிலை."

"மக்டலீன், அது வெளியிலை எல்லே!"

"என்ன வெளி? அங்கையும் கூரை இருக்கு."

"நான் தலைவர். பதினாலாம் பிரிவு..."

"பதினாலாம் பிரிவு வந்து என்ரை முழங்காலைப் பிடிச்சு விடுமோ? நான் அடுத்த மாதம் போறன். நீங்கள் இஞ்சை உங்கடை பதின்மூண்டு மாநிலத்தோடையும் இருங்கோ. சோறு ஆர் போடுறது எண்டு பேரவையைக் கூட்டிக் கேளுங்கோ."

அவள் சொன்னால் செய்கிறவள். அது எனக்கும் தெரியும், எட்வேட்டுக்கும் தெரியும். கதிரையா, மக்டலீனா? அதற்கு நடுவில் மனிதர் ஒரு வழி தேடினார். அடுத்த நாள் என் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மெல்லத் தொடங்கினார்.

"மாமி, என்ரை பதிவை மட்டும் உங்கடை விலாசத்திலை வைச்சுக்கொள்ளட்டே? படுக்கிறது அங்கை. கடுதாசி வாறது இஞ்சை."

"ஏன், உங்கடை அமெரிக்காவிலை அப்பிடிச் செய்தவையோ?"

"இல்லை..."

"அப்ப நானும் செய்யன். என்ரை வீட்டிலை கிடக்கிறது ஒரு சோபா. அது ஒரு தலைவருக்குப் போதாது."

அவருக்குக் கோபம். கோபித்தாலும் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார். நான் பிடித்த பிடியை விடவில்லை. விட்டிருந்தால் கடுதாசிக்குப் பின்னால் ஆளும் என் சோபாவுக்கு வந்திருப்பார், மக்டலீன் அந்தப் புது வீட்டில் தனியாக இருந்து சுவரோடு கதைத்திருப்பாள்.

மிஞ்சியது ஒரேயொரு வழி. வீடு மாறுவதற்கு முன்பு, அவர் இன்னும் ஒஸ்லோக்காரராக இருக்கும்போதே, அந்த இரண்டாம் பாதியைச் சட்டமாக்க வேண்டும். அவசரப் பொதுக்கூட்டம் கூட்டினார். லோறென்ஸ்கூக்கை முழு மாநிலமாக ஏற்பது என்று தீர்மானம். சிவானந்தனிடம் தானே போய்ச் சொன்னார்.

"இப்பதான் உமக்கு இரண்டாம் பாதி ஞாபகம் வருதோ?" என்று கேட்டாராம் சிவானந்தன்.

"சரித்திரம் மெல்ல மெல்லத்தான் விளங்கும், அண்ணை."

"ஓமோம். வீட்டுத் திறப்பு கைக்கு வந்தாக் கெதியா விளங்கும்."

சிவானந்தனின் மனைவி யோகராணி இந்தத் தீர்மானம் வெல்லவேண்டும் என்று மனதார விரும்பினாள். போன தடவை எப்படி வென்றது என்று யோசித்திருக்கிறாள். றோல்ஸ் வாசத்துக்குத்தான் கை உயர்ந்தது. அப்படியென்றால் இந்தத் தடவை முதலே கொடுத்துவிட்டால் இன்னும் சுறுக்காக நிறைவேறும் அல்லவா? எட்வேட் ஒலிவாங்கியைப் பிடித்து, அமெரிக்காவின் மலைகளைத் தாண்டி, ஆறுகளை நீந்தி, லோறென்ஸ்கூக் கரைக்கு வந்து சேர்கிற நேரத்தில் யோகராணியின் தட்டுகள் மண்டபத்துக்குள் வந்துவிட்டன. சுடச்சுட.

"ஏற்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ!" என்றார் எட்வேட்.

ஒரு கையில் றோல்ஸ். மறு கையில் தேத்தண்ணி. எதை உயர்த்துவது? சனம் அவரை அன்போடு பார்த்து மென்றுகொண்டிருந்தது. நான் றோல்ஸோடேயே கையை உயர்த்தினேன். அதைப் பார்த்த யோகராணி, மாமிக்குக் காணாதாக்கும் என்று எனக்கு இன்னும் இரண்டு கொண்டுவந்து தந்தாள். உபதலைவர் சுரேன், ட்வெய்ட்டாப் பெடியன், எழும்பி நின்று எண்ணினான். போதாது. தீர்மானம் விழுந்தது. வயிறு நிறைந்த சனத்துக்கு இனிச் சட்டம் எதற்கு? கதிரைகளை அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மாதம் முடிய எட்வேட்டும் மக்டலீனும் லோறென்ஸ்கூக் போனார்கள். சுரேன் தலைவரானான். கோடை விளையாட்டு விழா நெருங்கியது. சோறு காய்ச்சக் கிடாரம் வேண்டும். சுரேன் காரோடு சிவானந்தன் வீட்டுக்குப் போனான். அன்று நானும் மக்டலீனைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவைகூட நிற்காமல், சிவானந்தன் வீட்டு வாசல் வரை நடந்து வந்தாள். முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு வீடு பலித்துவிட்டது.

கராஜ் வாசலில் இரண்டு மடக்குக் கதிரை. ஒன்றில் சிவானந்தன். மற்றதில் எட்வேட்.

"அண்ணை, ஒன்றியத்தின்ரை கிடாரங்களை எடுக்க வந்தனான்" என்றான் சுரேன்.

சிவானந்தன் எட்வேட்டைப் பார்த்தார். எட்வேட் மெல்ல எழும்பிக் கராஜ் கதவை இழுத்துப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"தம்பி, இந்தக் கிடாரத்திலை காய்ச்சிற சோத்துக்குக் கதிரை தூக்கிறதும் நாங்கள், கிடாரம் கழுவுறதும் நாங்கள். எங்களுக்கு ஒரு வாக்கில்லை."

"அந்தப் பிரிவை எழுதினது நீங்கள்தானே அண்ணை!"

"அதாலைதான் சொல்லுறன், அது எவ்வளவு பிழை எண்டு என்னைவிட ஆருக்குத் தெரியும்? இரண்டாம் பாதியை எழுதிக்கொண்டு வாரும். அதுவரைக்கும் இந்தக் கோட்டையை விட்டு நாங்கள் எழும்பமாட்டம்."

உள்ளே யோகராணி எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது.

"பிள்ளை," என்று நான் குரல் கொடுத்தேன், "இந்தத் தரம் கையெழுத்து விழுந்த பிறகு பொரி!"