வெல்கோவின் ஜெர்மன் தலை

லோவெச் ஊரில் யாரும் வெல்கோவின் தலையாட்டலை நம்பி ஒரு காரியத்தில் இறங்குவதில்லை. "வாயால சொல்லுய்யா" என்பார்கள். அவன் மனைவி டோச்கா இன்னும் ஒரு படி மேலே போய், "இது எந்தத் தலை? நம்ம ஊர்த் தலையா, ஜெர்மன் தலையா?" என்று கேட்பாள்.

விஷயம் இதுதான். பல்கேரியர்களான நாங்கள் ஆமாம் என்றால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். இல்லை என்றால் மேலும் கீழும் அசைப்போம். ஊர் உலகத்துக்கெல்லாம் இது நேர்மாறாக இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும், அது அவர்கள் பாடு. ஆனால் வெல்கோ பாதி ஆயுசை ஜெர்மனிக்கு லாரி ஓட்டியே கழித்தவன். அங்கே சரக்குக் கிடங்குகளில் நம் ஊர் வழக்கப்படி தலையாட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு, கஷ்டப்பட்டுக் கழுத்தை மாற்றிப் பழக்கினான். லாரியை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்த பிறகு கழுத்து மட்டும் திரும்பி வரவில்லை. முடிதிருத்துபவர் "மீசையையும் எடுத்துடவா?" என்று கேட்டபோது, வேண்டாம் என்று பதறிப்போய்ப் பக்கவாட்டில் ஆட்டினான். முப்பது வருஷத்து மீசை ஒரே இழுப்பில் போயிற்று.

ஊருக்கு வந்த மனிதன் சும்மா இருந்திருக்கலாம். தக்காளி போட்டிருக்கலாம், ராக்கியாச் சாராயம் காய்ச்சியிருக்கலாம். அவனோ நூறு இடப் புத்தகத்தைக் கையில் எடுத்தான். நாட்டிலுள்ள கோட்டை, கல்லறை, மடாலயம், அருங்காட்சியகம், மலை உச்சி என்று பொறுக்கியெடுத்த நூறு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு முத்திரை. போய்ப் பார்த்து, புத்தகத்தில் முத்திரை வாங்கி வரவேண்டும். எங்கள் நாட்டில் பாதிக் குடும்பங்களின் விடுமுறை இதில்தான் நாசமாகிறது.

வெல்கோவுக்குக் கோட்டை மேலும் ஆசை கிடையாது, கல்லறை மேலும் ஆசை கிடையாது. அவனுக்கு வேண்டியது கத்தி. மாமனார் கெர்கிக்கு ஆண்பிள்ளை இல்லை, இரண்டு மாப்பிள்ளைகள்தான். ஒவ்வொரு வருஷமும் புனித ஜார்ஜ் நாளன்று முழு ஆட்டை அடுப்பில் வாட்டி, குடும்பம் முழுக்கச் சுற்றி உட்கார, கிழவரே கத்தியை எடுத்து அறுப்பார். தோள்பட்டை பிடித்துக்கொண்ட வருஷம், "இனி என்னால ஆகாது" என்றார். அந்த வீட்டில் கத்தி கைமாறுகிறதென்றால் குடும்பமே கைமாறுகிறது என்று அர்த்தம். "அந்த நூறு இடப் புத்தகம் இருக்கில்ல? ரெண்டு பேரும் அதை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. எவன் முதல்ல முடிக்கிறானோ அவன் கையில கத்தி" என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு மாப்பிள்ளை ராடுல். வெல்கோவுக்குச் சகலை, தொழில் டயர் வியாபாரம். ஆனால் வாயைத் திறந்தால், அந்தக் காலத்து அரசர்களெல்லாம் அவனிடம் கேட்டுத்தான் கோட்டை கட்டினார்கள் என்று தோன்றும். மாமனார் வாயைப் பிளந்து கேட்பார். "ராடுலுக்கு நாடு தெரியும், வெல்கோவுக்கு ரோடுதான் தெரியும்" என்று விருந்தாளிகள் முன்னால் அவர் சொன்னதிலிருந்து வெல்கோவுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

அதன் பிறகு அவன் சுற்றிப் பார்த்த அழகை டோச்கா சொல்லிக் கேட்க வேண்டும். வண்டியை அணைக்காமல் வாசலில் நிறுத்துவான். உள்ளே ஓடுவான். டப் என்று முத்திரை, திரும்பி ஓட்டம். "மதாராக் குன்றுல பாறையில செதுக்கின அந்தக் குதிரைவீரனை எல்லாரும் பார்த்துட்டு வந்து பெருமை பேசறாங்க. நான் பார்த்ததெல்லாம் குதிரை வால். அதுவும் கார் கண்ணாடி வழியா" என்பாள். ஒரே ஓர் இடத்தில்தான் அவன் நின்று நிதானமாகப் பார்த்தான். ஏதோ ஒரு மண்பானை அருங்காட்சியகத்தில் "விளக்கம் சொல்லட்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று தலையாட்டினான். ஆட்டியது ஜெர்மன் தலை. ஒவ்வொரு பானையாக, உடைந்த சில்லு உட்பட, சாயங்காலம் வரை விளக்கினார்கள்.

இப்படியே தொண்ணூற்றொன்பது முடிந்தது. அந்தப் பக்கம் ராடுலுக்கும் தொண்ணூற்றொன்பது. இருவருக்கும் பாக்கி நின்றது ஒரே இடம்: ரோடோப்பி மலையில் எங்கேயோ காட்டுக்குள் ஒரு சின்ன மடாலயம். புனித ஜார்ஜ் நாளுக்கு ஒரே நாள் மிச்சம்.

அன்று காலையில் வெல்கோ மலையேறிக்கொண்டிருக்கும்போதே ராடுல் போனில் வந்தான்.

"எங்க இருக்கே சகலை? நான் இப்பத்தான் சாப்பிட உட்கார்ந்திருக்கேன். ஒண்ணும் அவசரமில்ல. நாளைக்கு நான் ஆட்டை அறுக்கறப்ப உனக்கு ஒரு காதைத் தனியா எடுத்து வைக்கறேன்."

"நீ சாப்பிடு, நல்லா சாப்பிடு. ரெண்டு தட்டு சாப்பிடு" என்று வெல்கோ ஆக்சிலரேட்டரை மிதித்தான்.

மடாலய வாசலில் ஒரு கூட்டம் என்ன செய்வதென்று புரியாமல் நின்றது. நடுவில் ஒரு கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மடாலயக் காவலாளி மில்ச்சோவின் பிள்ளை அது. அன்றைக்கு அதற்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியவன் காலை ஒடித்துக்கொண்டு படுத்துவிட்டான். தனக்குப் பதிலாகத் தன் ஒன்றுவிட்ட அண்ணனை அனுப்பியிருந்தான்; அந்த அண்ணனை இங்கே ஒருவருக்கும் முகம் தெரியாது. அந்த மகானோ அதே புனிதர் பெயருள்ள வேறொரு மடாலயத்தில் போய் நின்றுகொண்டு, ஏன் ஒருவரையும் காணோம் என்று திட்டிக்கொண்டிருந்தது பிற்பாடுதான் தெரிந்தது. பாதிரியார் ஒனூஃப்ரி அடுத்த ஊர்ச் சாவுக்குப் போக வேண்டியவர். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புறப்படத் தயாராக நின்றார்.

அந்த நேரம் பார்த்து வெல்கோ படியேறி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். டோச்கா இன்னும் பாதிப் படியில் இருந்தாள்.

"நீங்கதானே ஞானத்தகப்பன்?" என்று மில்ச்சோ ஓடிவந்து கேட்டான்.

வெல்கோவுக்குப் பேச மூச்சில்லை. இல்லை என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினான்.

"வந்துட்டார்! வந்துட்டார்யா!" என்று கூட்டமே கத்தியது. யாரோ அவன் கன்னத்தில் முத்தமிட்டார்கள். யாரோ அவன் கையில் மெழுகுவர்த்தியைத் திணித்தார்கள். பிள்ளையின் தாய் சீய்கா அழுதேவிட்டாள்.

"ஐயோ, நான் முத்திரைக்கு வந்தவன்யா!" என்று மூச்சு வந்ததும் வெல்கோ கத்தினான்.

"முத்திரை எங்க போயிடப் போகுது கூமே? எங்கிட்டதான் இருக்கு. முதல்ல புள்ள, அப்புறம் விருந்து, அதுக்கப்புறம் முத்திரை" என்றான் மில்ச்சோ.

ஞானத்தகப்பனை நாங்கள் கூம் என்போம். ஒரு வீட்டுக்குக் கூம் ஆனவன் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் கிடையாது. அவன் உட்காராமல் ஒருவரும் உட்காரமாட்டார்கள். அவன் கேட்டால் கூரையையும் பிரித்துக் கொடுப்பார்கள். தனக்கு அப்படியொரு பதவி வந்து சேர்ந்ததைப் பற்றி வெல்கோ நினைக்கவே இல்லை. முத்திரை மில்ச்சோவிடம், மில்ச்சோ பிள்ளையின் பிடியில், பிள்ளை இப்போது தன் கையில். பிள்ளையை முடித்தால்தான் முத்திரை. "சீக்கிரம் ஆரம்பிங்க சாமி" என்றான். எல்லாரும் கோயிலுக்குள் போனார்கள்.

வழக்கப்படி ஞானத்தகப்பன் பிள்ளையை ஏந்திக்கொண்டு, சாத்தான் இருக்கும் மேற்குத் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். பாதிரியார் மூன்று முறை கேட்பார். மூன்று முறை பதில் சொல்ல வேண்டும்.

"சாத்தானை விட்டொழிக்கிறாயா?" என்றார் ஒனூஃப்ரி.

"விட்டொழிக்கிறேன்!" என்றான் வெல்கோ. தலை மட்டும் மேலும் கீழும் பலமாக ஆடியது.

பாதிரியார் புத்தகத்தை மூடினார். "என்னப்பா இது? வாய் விட்டுட்டேங்குது, தலை விடமாட்டேங்குது. ஆண்டவர் எதைக் கணக்குல எடுத்துக்குவார்?"

"வாயைத்தான் சாமி, வாயைத்தான்!" என்று வெல்கோ கெஞ்சினான். அப்போதும் தலை மேலும் கீழும்தான் போயிற்று.

"பார்த்தீங்களா, மறுபடியும்!" என்று ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மறுபடியும் அதே கூத்து. பிள்ளையின் பாட்டனார், சாத்தானோடு ஒட்டும் உறவுமாக இருக்கிறவன் கையில் என் பேரனைக் கொடுக்கமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார்.

அதற்குள் டோச்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். தன் புருஷன் எப்படிக் கையில் பிள்ளையோடு நிற்கிறான் என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. "அவருக்குத் தலை தலைகீழ்! ஜெர்மனியில கெட்டுப் போச்சு! அவர் ஆமான்னா இல்லை, இல்லைன்னா ஆமா!" என்று கத்தினாள். பின்னால் போய் நின்று இரண்டு கைகளாலும் அவன் காதுகளைப் பிடித்தாள். "கேளுங்க சாமி."

"சாத்தானை விட்டொழிக்கிறாயா?"

"விட்டொழிக்கிறேன்" என்றான் வெல்கோ. டோச்கா தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். மூன்று முறையும் அப்படியே நடந்தது. மூன்றாவது முறை அவள் கையை எடுத்த பிறகும் தலை தானாகவே பக்கவாட்டில் ஆடியது. லாரியை விட்டு இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கழுத்து ஊர் திரும்பியிருந்தது.

"அவன்மேல் துப்பு" என்றார் பாதிரியார். மேற்கே பார்த்துச் சாத்தான்மேல் துப்புவதும் வழக்கம்தான். பட்ட பாட்டையெல்லாம் திரட்டி வெல்கோ துப்பினான். கோயிலின் வாசல் இருப்பதும் மேற்கில்தான். அந்த வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு அப்போதுதான் உள்ளே நுழைந்த ராடுலின் புதுச் சட்டையில் சாத்தானுக்குப் போக வேண்டியது போய்ச் சேர்ந்தது.

"சகலை?" என்றான் ராடுல். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

பிள்ளைக்கு அஸ்பாரூக் என்று பெயரிட்டு, தண்ணீரில் முக்கியெடுத்தார்கள். அது வெல்கோவின் கால்சட்டை வரை நனைத்தது. எல்லாம் தொட்டித் தண்ணீர் இல்லை. பிறகு முற்றத்தில் மேசை போட்டார்கள். பாலாடைக்கட்டி அடையான பனித்சாவும் அவித்த பீன்ஸும் ராக்கியாவும் வந்தன. இரண்டு சகலைகளும் எதிரெதிரே உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாய் இறங்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் மில்ச்சோ முத்திரையும் மைப்பெட்டியுமாக வந்தான். வெல்கோ எழுந்திருப்பதற்குள் ராடுல் பாய்ந்து, விரித்த புத்தகத்தை மில்ச்சோவின் மூக்குக்கு நேரே நீட்டினான். "முதல்ல எனக்குப் போடுங்க. ரொம்ப தூரம் போகணும்."

மில்ச்சோ தயங்கினான். கூம் இருக்கும்போது வேறொருவனுக்கு முதலில் போடுவதா? "கூமே, இவருக்கு முதல்ல போட்டுடட்டுமா?" என்று வெல்கோவைப் பார்த்துக் கேட்டான்.

வெல்கோவின் வாய் நிறைய, அப்போதுதான் சீய்கா ஊட்டாத குறையாகத் திணித்த பனித்சா. கத்தியை நினைத்தான். மாமனாரின் பேச்சை நினைத்தான். கூடாது, கூடவே கூடாது என்று தன் பலமெல்லாம் சேர்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினான். சுத்தமான பல்கேரியத் தலை, லோவெச்சில் பிறந்த தலை.

மில்ச்சோவுக்குத்தான் காலையிலேயே டோச்கா சொல்லிவிட்டாளே, இவருக்குத் தலை தலைகீழ் என்று. "கூமுக்கு என்ன பெரிய மனசு!" என்று சொல்லி, ராடுலின் புத்தகத்தில் டப் என்று போட்டான்.

வெல்கோ பனித்சாவை விழுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மை காயும் முன்னே அவன் புத்தகத்திலும் ஒன்று விழுந்தது. விழுந்து என்ன பிரயோஜனம்?

ராடுல் நகரவில்லை. புத்தகத்தையும் வெல்கோவையும் மாறி மாறிப் பார்த்தான். "நீ... எனக்காகவா?" என்றான். பிறகு எச்சில் பட்ட சட்டையோடு வந்து வெல்கோவைக் கட்டிக்கொண்டு தேம்பினான். வெல்கோவும் அழுதான். அவன் அழுதது வேறு காரணத்துக்கு.

மறுநாள் மாமனார் வீட்டில் ஆடு மேசைக்கு வருவதற்கு முன்னாலேயே ராடுல் கதையைச் சொல்லி முடித்திருந்தான். கோட்டை, அரசர், நூற்றாண்டு ஒன்றும் அதில் இல்லை. எல்லாம் சகலையின் பெரிய மனசுதான். கிழவர் கெர்கி கத்தியை எடுத்து, பந்தயப்படி ராடுலிடம் நீட்டினார். ராடுல் வாங்கி, அப்படியே வெல்கோவின் முன்னால் வைத்தான். "இதுக்குத் தகுதியானவன் நீதான்."

வெல்கோவின் மச்சினி யோன்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கெர்கி மேசையில் முழங்கையை ஊன்றி வெல்கோவைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக அவன் ஏங்கிய பார்வை அது.

"மனசாரத்தான் விட்டுக் கொடுத்தியா மாப்ளே?"

மேசை முழுவதும் அவன் தலையைப் பார்த்தது. டோச்காவும் பார்த்தாள், அந்த மேசையில் அவனைத் தவிர உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வெல்கோ கத்தியைப் பார்த்தான். எடுத்துக்கொண்டால் முடிந்தது. இரண்டு கைகளாலும் தன் தாடையைப் பிடித்து, தலை எந்தப் பக்கமும் அசையாமல் நிறுத்திக்கொண்டான்.

"இல்ல மாமா" என்றான். "கூடாதுன்னுதான் தலையாட்டினேன். அந்த ஆள் தப்பாப் புரிஞ்சுக்கிட்டான்."

ராடுலின் முகம் சிவந்தது. பெரிய சண்டை வரப்போகிறது என்று யோன்கா புருஷனின் கையைப் பிடித்தாள். ராடுல் அவள் கையை விலக்கினான். கத்தியை வெல்கோவின் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினான்.

"நானா இருந்தா ஆமான்னு சொல்லிட்டுக் கத்தியை எடுத்திருப்பேன்" என்றான். "மனசாரத்தான் கொடுத்தேன்னு நாலு பேர்கிட்ட சொல்லியும் திரிஞ்சிருப்பேன். நீயே அறுடா, பாவி."

"அறுப்பா, ஆறிப் போகுது" என்றார் கெர்கி.

வெல்கோ எழுந்தான். கத்தியைக் கையில் எடுத்தான். பெரிய ஆடு, முதுகு பொன்னிறமாக மின்னியது. எல்லாரும் தட்டை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அவன் ஆட்டின் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். மெல்லக் குனிந்து ராடுலின் காதோடு கேட்டான்:

"எங்கேருந்துடா ஆரம்பிக்கணும்?"

"எனக்கு மட்டும் தெரியுமா என்ன?" என்றான் சகலை.