அத்தையின் ஹால்ட்

நேற்று பஸ் கிறீச்சிட்டு நின்றபோது அத்தையின் நினைவு வந்தது.

என் சிறுவயதில், திருமயம் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் பஸ் நிற்காது. அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று, அப்பா துண்டை வீசிக் காட்டியும் பஸ் வேகம் குறையவில்லை. அத்தை நடுரோட்டில் போய் நின்று, பட்டாளத்து மாமாவிடம் கற்ற ஒரே இங்கிலீஷ் சொல்லை உரக்கச் சொன்னாள்: "ஹால்ட்."

டயர் தேய்ந்த நாற்றத்தோடு பஸ் நின்றது. டிரைவர் இறங்கி வந்து விறைப்பாக நின்றார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர்.

"நீங்க எந்த ரெஜிமெண்ட்டும்மா?"

"எங்க வீட்டுக்காரரு சண்டைக்கு வந்தா நிறுத்துறதுக்குக் கத்துக்கிட்டேன். புள்ளத்தாச்சிய ஏத்துங்க."

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அக்காவுக்குச் சுகப்பிரசவம். அதன்பின் ஊரே ரோட்டில் நின்று ஹால்ட் என்று கத்திப் பார்த்தது. யாருக்கும் பஸ் நிற்கவில்லை. கடைசியில், வெளியூர் போக வேண்டியவர்கள் விடிந்ததும் அத்தையை எழுப்ப வந்தார்கள்.