முதுகுக்குப் பின்னால் வந்த லாரி

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. திருச்சி புத்தூரில் குடியிருந்தோம். என் கணவருக்கு மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுவதென்றால் உயிர். கொடைக்கானல் போவதற்கு வண்டியைத் தயார் செய்தபோது, அதிலிருந்த சின்னப் பின்விளக்கு போதாது என்று பழைய காரின் சிவப்பு விளக்குகள் இரண்டை வாங்கிவந்தார். இரும்புப் பட்டையை வளைத்து, என் சீட்டுக்குப் பின்னால் இடமும் வலமுமாக அவரே பொருத்தினார்.

திரும்பும்போது வையம்பட்டியைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாய்வதற்குள்ளேயே இருட்டிவிட்டது. ஒதுங்கலாம் என்று சாலையை விட்டிறங்கி ஒரு புளியமரத்தடிக்கு வண்டியை ஓட்டினார். பின்னாலேயே பெரிய இஞ்சின் சத்தம். திரும்பிப் பார்த்தேன். விளக்கே இல்லாத லாரி ஒன்று எங்களை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பிரேக் போட்டும் சேற்றில் சறுக்கி, என் முழங்காலை உரசுகிற மாதிரி வந்து நின்றது.

டிரைவர் குதித்து ஓடிவந்தார்.

"மன்னிச்சுக்கங்க சார். மழையில லைட்டு ரெண்டும் போயிடுச்சு. முன்னால கார் போகுதுன்னு நெனச்சு உங்க சிவப்பு லைட்டைப் பாத்துக்கிட்டே வந்தேன்."

"லைட் இல்லன்னா ஓரமா நிறுத்த வேண்டியதுதானே?" என்றார் கணவர் கோபமாக.

"பாம்பு கடிச்ச ஆளு உள்ள இருக்காருங்க. மணப்பாறை ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீங்க முன்னால போனா, பின்னாலயே வந்துடுவேன்."

எட்டிப் பார்த்தேன். ஒருவர் மனைவியின் மடியில் தலைசாய்த்துக் கிடந்தார். அந்த அம்மாள் நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

"நீ வேணா லாரியில ஏறிக்கறியா?" என்றார் கணவர்.

"வேணாங்க. உங்ககூடவே வரேன்."

அந்தப் பயணத்தை எப்படிச் சொல்வது? கொஞ்சம் முன்பு எங்களைக் கொல்லப் பார்த்த லாரி, இப்போது என் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டே வந்தது. நாங்கள் வழுக்கி விழுந்தால் அவ்வளவுதான். ஒரு பள்ளத்தில் வண்டி குதித்ததும் இடப்பக்க விளக்கு அணைந்துவிட்டது. லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே நெருங்கியது. ஒரு கையால் கணவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பின்பக்கம் துழாவினேன். கழன்றிருந்த ஒயர் அகப்பட்டது. அதை விளக்கோடு சேர்த்து அழுத்தினேன், எரிந்தது. விரல் மரத்துப்போயிற்று. வாய் மட்டும் ரங்கநாதா, ரங்கநாதா என்று முணுமுணுத்தது. மணப்பாறை வரும்வரை கையை எடுக்கவில்லை.

டாக்டர் ஊசி போட்டுவிட்டு, விடியட்டும் பார்க்கலாம் என்றார். நனைந்த துணியோடு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தோம். காலையில் அந்த அம்மாள் வந்து, "கண்ணத் தொறந்துட்டாரும்மா" என்று சொன்னபோதுதான் என் நடுக்கம் நின்றது.

இன்றும் பின்னால் ஒரு லாரி நெருங்கி வந்தால் எனக்கு முதுகு சில்லிடும்; ஆனாலும் உள்ளே யார் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார்களோ என்று நினைத்துவிட்டால், அந்த டிரைவரைத் திட்ட வாய் வருவதில்லை.