சித்தியோட ஆறாவது ஸ்டூடன்ட்

பியானோ வாசிக்கத் தெரியுமான்னு யாராச்சும் கேட்டா, தெரியும்னு தைரியமா சொல்லுவேன். ஒரே ஒரு பாட்டு. சித்தி வச்சிருந்த பிகினர் புக்குல பதினாலாம் பக்கம். பதினஞ்சாம் பக்கத்தத் திருப்பிப் பாத்ததே இல்ல. ஸ்கூல் புக்கும் ஏறக்கொறைய அப்படித்தான், அத விடுங்க.

சித்தி, அம்மாவோட தங்கச்சி. எனக்கு எட்டு வயசு இருக்கும்போது செமினியிலேருந்து பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருக்குற எங்க ஃப்ளாட்டுக்கு வந்தாங்க, ஒரு பேக்கும் ஒரு டிஜிட்டல் பியானோவும் எடுத்துக்கிட்டு. சித்தப்பா வரல. "சித்தி லீவுக்கு வந்திருக்காங்க"ன்னு அம்மா சொன்னாங்க. அந்த லீவு ரெண்டு வருஷம் ஓடுச்சு. எனக்கு ஒரு தடவ கூட இப்படி லீவு கெடைக்கலயேன்னு பயங்கரப் பொறாம.

வீட்டுல ஒரே ரூமு, அது அப்பா அம்மாவுக்கு. ஹால்ல பியானோ. அதுக்கு இந்தப் பக்கம் என் மெத்த, அந்தப் பக்கம் சித்தி மெத்த. அப்பா டிவி பாக்குறப்ப சித்தி ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு வாசிப்பாங்க. எங்களுக்குக் கட்ட அமுங்குற டொக்கு டொக்கு மட்டும்தான் கேக்கும். "ஒரு சுத்திய எடுத்து என் தலையிலயே அடிச்சிரும்மா"ன்னு அப்பா சொல்லுவாரு, கண்ண டிவியிலேருந்து எடுக்காமயே. சித்தி பிளக்கப் புடுங்கிருவாங்க.

பகல்ல அவங்களுக்குக் கிளினிக்ல கவுண்டர் வேல. அந்தச் சம்பளத்துல தனியா வீடு எடுக்க முடியாது. அதனால சனி ஞாயிறுல சின்னப் பிள்ளைங்களுக்கு பியானோ சொல்லிக் குடுத்தாங்க. "ஆறு ஸ்டூடன்ட் சேந்தா போதும்க்கா, கிள்ளான்ல ஒரு சின்ன வீடு பாத்து வச்சிருக்கேன். மாசக் கடைசி வரைக்கும்தான் வீட்டுக்காரரு வெயிட் பண்ணுவாராம்"ன்னு அம்மாகிட்ட சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. வீடுன்னா நானும் போறேன்னுதானே அர்த்தம்?

ஏன்னா நான்தான் விளம்பரம். யாராச்சும் பிள்ளையச் சேக்க வந்தா, நான் சும்மா பொழுது போகாம வாசிக்கிற மாதிரி உக்காந்து பதினாலாம் பக்கத்த வாசிக்கணும். "உங்க மகனா டீச்சர்?" "அக்கா மகன். மூணு மாசமா கத்துக்கறான்." இது பொய்யே இல்ல. மூணு மாசமும் அதே பக்கம்தான். எனக்குக் கூலி, கீழ மாமாக் சாப்பாட்டுக் கடையில ஒரு கிளாஸ் ரோஸ் பண்டுங், பால் ஊத்துன சர்பத்து. இப்படியே அஞ்சு பேரு விழுந்தாங்க.

மாசக் கடைசி ஞாயித்துக்கெழம, பீஜேலேருந்து ஒரு ஆன்டி மகளக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ஆன்டி சென்ட் வாசம் லிஃப்டுலேருந்தே அடிச்சுது. மகளுக்கு ஏழு வயசு இருக்கும், மூக்க உறிஞ்சிக்கிட்டே நின்னுச்சு. நான் வாசிச்சேன். ஆன்டி கைதட்டுனாங்க. அப்புறம் இதுவரைக்கும் யாருமே கேக்காத ஒன்னக் கேட்டாங்க.

"வெரி குட் பாய். வேற ஒன்னு வாசியேன்."

சித்தி மூஞ்சி செத்துப்போச்சு. நான் விடுவேனா? பியானோவுல சவுண்ட் மாத்துற பட்டன் இருக்கு. ஆர்கன அமுக்கிட்டு, அதே பதினாலாம் பக்கத்த எழவு வீட்டுல வாசிக்கிற மாதிரி இழுத்து இழுத்து வாசிச்சேன்.

"இது சர்ச் பாட்டு, ஆன்டி."

ஆன்டி கண்ண மூடிக்கிட்டாங்க. "ஐயோ, மனச என்னமோ பண்ணுதுலா."

"மம்மி, அதே பாட்டுதான்லா"ன்னு மூக்குறிஞ்சி சொல்லுச்சு. "இந்த அண்ணன் ஸ்லோவா வாசிக்குது."

ஆன்டி கண்ணத் தொறந்தாங்க. "என்ன டீச்சர் இது?"

சித்தி ஏதாச்சும் சமாளிப்பாங்கன்னு பாத்தேன். சமாளிக்கல. "ஆமா, அதே பாட்டுதான். இவனுக்கு அது ஒன்னுதான் தெரியும். ஆள் சேக்குறதுக்காக நான்தான் வாசிக்கச் சொன்னேன். மன்னிச்சிருங்க."

ஆன்டி பேக்க மாட்டிக்கிட்டு செருப்புல கால விட்டாங்க. சித்தி அத கவனிக்கவே இல்ல. அந்தப் பிள்ள முன்னால குந்தி உக்காந்து, "எப்படிம்மா கண்டுபுடிச்ச?"ன்னு கேட்டாங்க. அது, "இப்படித்தானே போச்சு"ன்னு பாடிக் காட்டுச்சு. எங்கயும் தப்பல. சித்தி அதத் தூக்கி பியானோ முன்னால உக்கார வச்சாங்க. ஒரு கட்டையக் காட்டி, "இதுலேருந்து தேடு"ன்னாங்க. ஒரே வெரல வச்சுக்கிட்டு, தடவித் தடவி, என் மூணு மாசத்த அந்தச் சனியன் அர மணி நேரத்துல முடிச்சுருச்சு. சித்தி சிரிச்சாங்க. எங்க வீட்டுல அவங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல.

ஆன்டி எப்ப செருப்பக் கழட்டிட்டுத் திரும்ப வந்து உக்காந்தாங்கன்னு தெரியல. "அடுத்த வாரமும் இதே டைம்தானா, டீச்சர்?"ன்னு மட்டும் கேட்டாங்க.

எல்லாம் என்னாலதான்னு அன்னைக்கு ரெண்டு கிளாஸ் பண்டுங் கேட்டு வாங்குனேன்.

அடுத்த வாரம் லோரி வந்துச்சு. நான் ஸ்கூல் பேக்குல ரெண்டு சட்டையும் டூத்பிரஷ்ஷும் போட்டுக்கிட்டு முன் சீட்டுல ஏறி உக்காந்துட்டேன்.

"பாஸ், நீங்களும் வரீங்களா?"ன்னாரு லோரி அண்ணன்.

"பின்ன? நான் இல்லாம அங்க ஆள் யாரு சேப்பாங்க?"

அப்பா விழுந்து விழுந்து சிரிச்சுட்டு என்னத் தூக்கி எறக்குனாரு. சித்தி என் தலையத் தடவிட்டு ஏறுனாங்க. லோரி கெளம்புனதும் கையாட்டுனாங்க. நான் ஆட்டல. வேல போனவன் எவன் கையாட்டுவான்?

லோரி திரும்பி மறைஞ்ச பெறகும் அம்மா அங்கயே நின்னாங்க. "இனிமேதான் அவ மூச்சு விடுவா"ன்னு மெதுவா சொன்னாங்க. அப்பா சிரிப்ப நிறுத்திட்டு லிஃப்ட் பக்கம் போயிட்டாரு.

எனக்கு ஒன்னும் ஓடல. சித்திக்கு ஆஸ்துமாவா? ரெண்டு வருஷம் ஒரே ஹால்ல படுத்திருக்கேன், ஒரு இருமல் கூடக் கேட்டதில்லயே.