சார்ஜன்டின் பெரிய துவக்கும் என் பாவாடை நாடாவும்

உனக்கு வேறு வேலை இல்லையா, பிள்ளை? மெரிலேண்ட்ஸ் கடைத்தெருவில் நாலு பேர் நிற்கிற இடத்தில், "ஏன் அன்ரி அந்தப் பொலிஸ்காரப் பெட்டையின்ர இடுப்பையே பாக்கிறியள்?" என்று சத்தம் போட்டுக் கேட்கிறாய். அவள் திரும்பிப் பார்க்க, கறிவேப்பிலைப் பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றது நான். வயது போனால் மானமும் போய்விடும் என்று நினைப்போ? சரி, வீட்டுக்கு வந்த பிறகாவது விட்டாயா? தேத்தண்ணி ஆறுமுன் கதை வேண்டும். சொல்கிறேன். சிரித்துத் தேத்தண்ணியைக் கதிரையில் ஊற்றினால் நீதான் துடைக்க வேண்டும்.

நான் பார்த்தது இடுப்பை அல்ல, அதில் தொங்கிய துவக்கை, உங்கட 'கன்'னை. கறுப்பாய், சப்பையாய், ரீவி றிமோட் மாதிரி ஒன்று. அதைக்கூட அல்ல, அந்தப் பாரத்துக்குக் களிசான், அதுதான் காற்சட்டை, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தேன். ஒரு நூலளவும் இறங்கவில்லை. பொலிஸைக் கண்டால் எனக்கு முதலில் களிசான்தான் கண்ணில் படும். எழுபதுகளில் பிடித்த வியாதி, இன்னும் மாறவில்லை.

அந்த வியாதிக்கு ஒரு மணமும் உண்டு. தையல் மெசினுக்கு விடுகிற எண்ணெய் மணம். நாங்கள் சிட்னிக்கு வந்தபோது இவருக்கு ரயில் பட்டறையில் வேலை. எனக்கு இருந்தது ஐந்தாம் வகுப்பும் தையலும்தான். ஐந்தாம் வகுப்பும் முழுதாக இல்லை, கணக்கு ரீச்சருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. பகல் முழுக்க வீட்டுச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். சுவர் திருப்பிப் பேசத் தொடங்கிவிடுமோ என்று பயந்துதான் தெஸ்பினாவின் தையல் கடைக்குப் போனேன். அவள் கிரேக்கத்துக்காரி. அவளுடைய ஆங்கிலத்தையும் என்னுடையதையும் சேர்த்துத் தைத்தாலும் ஒரு கைக்குட்டைதான் வரும். மூன்று மாதம் வைத்துப் பார்ப்பேன், பிடித்தால்தான் நிரந்தரம் என்றாள். அங்கே ஒரு மெசின், பேச ஒரு மனிசி, வாசலில் போகிற வருகிற முகங்கள். அந்த வேலை போனால் திரும்பவும் சுவர்தான்.

பக்கத்துக் கட்டடம் பொலிஸ் நிலையம். அவர்களுடைய உடுப்பெல்லாம் எங்களிடம்தான் வரும். அதில் ஒருவர் சார்ஜன்ட் கீத். நெடிய மனிசர், நெடிய வயிறு. கண்ட பெண்களையெல்லாம் 'லவ்' என்று கூப்பிடுவார். முதல் நாள் என்னையும் அப்படிக் கூப்பிட்டதை வீட்டில் சொல்வதா விடுவதா என்று இரண்டு பஸ் தரிப்பு தூரம் யோசித்தேன். பிறகு பார்த்தால் தெஸ்பினாவின் எழுபது வயது மாமியாருக்கும் அதே 'லவ்'தான். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

மற்றப் பொலிஸ்காரர்கள் சுண்ணாம்பு டப்பி மாதிரிச் சின்னத் துவக்குகளைப் பொக்கற்றுக்குள் வைத்திருந்தார்கள். சார்ஜன்டிடம் மட்டும் பெரிய ரிவோல்வர், ஆறு குண்டு போடுகிறது, இடுப்பில் தோல் உறையில் தொங்கும். அதைப் பற்றி அந்தத் தெருவில் இல்லாத கதை இல்லை. லொறி எஞ்சினுக்குள்ளால் குண்டு போகும் என்பார் இறைச்சிக் கடைக்காரர். ஒருதரம் வெடித்ததில் மூன்று கடைக் கண்ணாடி உதிர்ந்தது என்பார் பாண் கடைக்காரர். யார் கண்டது என்று கேட்டால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார்.

எதிரே பப் இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் பியரும் வாய்ச்சண்டையும் சேர்ந்து பொங்கும். சார்ஜன்ட் போய் வாசலில் நிற்பார். இரண்டு கையாலும் இடுப்புப் பட்டியைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்குவார், அவ்வளவுதான். சண்டைக்காரர் இரண்டு பேரும் குந்தி, ஒருவருக்கு ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மிச்சப் பியரைக் குடிப்பார்கள்.

ஊர் முழுக்க அதை மிரட்டல் என்று நினைத்தது. தைக்கிறவளின் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. அந்த மனிசர் மிரட்டவில்லை, பிள்ளை. அவருடைய களிசான் விழப் பார்க்கிறது! துவக்குப் பாரத்துக்கு வலது பக்கம் இறங்கிச் சப்பாத்தை மூடும். இடது பக்கம் ஏறிச் சப்பாத்துக்கு மேலே மேஸ் தெரியும். பிடித்துத் தூக்காவிட்டால் பப்புக்குள் வேறு காட்சி நடந்திருக்கும்.

ஒரு திங்கட்கிழமை அவரே கடைக்கு வந்தார். வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்து எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பார்க்கப் போகிறாராம். நிமிர்ந்து நிற்க வேண்டும், கை பட்டிக்குப் போகக் கூடாது. அங்கே களிசான் இறங்கினால் நிலையத்துத் தையல் முழுவதும் வேறு கடைக்குத்தான் என்று சொல்லிவிட்டார். தெஸ்பினா என்னைப் பார்த்தாள்.

"யூ ஃபிக்ஸ், யூ ஸ்டே," என்றாள். மிச்சத்தை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. விரலால் வாசலைக் காட்டினாள்.

சார்ஜன்ட் திரைக்குப் பின்னால் பூப்போட்ட மேசைத் துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு இருந்தார். களிசான் என் மடியில். துவக்கு என் மெசினுக்குப் பக்கத்தில். நான் அதைப் பார்த்த பார்வையில் அவரே எழும்பி வந்து குண்டு ஆறையும் கொட்டிச் சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். பிறகுதான் தூக்கிப் பார்த்தேன். அம்மிக் குழவி தோற்றது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் மெசின் எண்ணெய் மணம். தெஸ்பினாவின் எண்ணெய்ப் போத்தல் ஏன் சுறுக்காய் முடிகிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இவ்வளவு பாரத்தை என்னெண்டு இடுப்பில் நிறுத்துவது? தோளில் வார் மாட்டினால் அவர்களுடைய சட்டத்துக்கு ஒத்துவராதாம். யோசித்தேன். ஈரச் சேலையோடு, ஒரு பக்கம் பிள்ளை, மறுபக்கம் தண்ணி வாளியோடு கிணற்றடியிலிருந்து நடந்து வருகிறோம். எங்கள் இடுப்பில் இருந்து ஏதாவது விழுகிறதா? பாவாடை நாடா!

களிசானின் உள்பக்கம் தடித்த துணியில் ஒரு மடிப்புத் தைத்து வெள்ளை நாடாவைக் கோத்தேன். முடிச்சைத் திரைக்கு வெளியே நின்று என் சேலைக்கு மேலேயே போட்டுக் காட்டினேன். "டைற். டேர்ன். இன்சைட்." திரைக்கு மேலால் தலையை நீட்டிப் பார்த்து, நல்ல பிள்ளை மாதிரிக் கட்டினார். தெஸ்பினா சிரிப்புத் தாங்காமல் நிலத்தில் இருந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சார்ஜன்ட் விளக்குக் கம்பம் மாதிரி நின்றாராம். அதிகாரி முதுகில் தட்டிவிட்டுப் போனாராம். "யூ ஸ்டே," என்றாள் தெஸ்பினா. நான் பாயாசம் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் உனக்கு நான் சொல்லியிருக்கவும் மாட்டேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் சார்ஜன்ட் வந்தார். முகம் வாடிக் கிடந்தது. பப்பில் தன்னை ஒருவரும் மதிப்பதில்லையாம். வாசலில் போய் நிற்கிறாராம், ஒருவனும் திரும்புவதில்லையாம். எப்படித் திரும்புவான்? களிசான் இறங்குவதில்லை, அதனால் இவர் பட்டியைத் தூக்குவதில்லை. தூக்காவிட்டால் அங்கே துவக்கு இருப்பதே ஒருவனுக்கும் நினைவில்லை. போன கிழமை ஒருவன் கிளாஸ் எறிந்திருக்கிறான். துவக்கை எடுக்க வேண்டி வந்துவிடுமோ என்று இவர் பயந்திருக்கிறார். பதினொரு வருடத்தில் ஒருதரமும் ஒரு ஆளுக்கு நீட்ட அதை உறையை விட்டு வெளியே எடுத்ததில்லையாம்.

"எடுக்காமல் இருக்கத்தான் லவ், இவ்வளவு பெரிசாய் வைச்சிருக்கிறேன்," என்றார் தன் பாஷையில். அது எனக்கு முழுதாய் விளங்கியது. நாடாவைக் கழற்று என்றார்.

தெஸ்பினா திரும்பவும் வாசலைப் பார்த்தாள். நான் தைத்ததையே பிரிக்கச் சொன்னால் நான் எதற்கு?

நாடா இருக்கட்டும், சும்மா ஒருக்கால் தூக்கிக் காட்டுங்கள் என்று கையால் சொல்லிக் கொடுத்தேன். கண்ணாடிக்கு முன்னால் செய்து பார்த்தார். பள்ளிக்கூட நாடகத்தில் முதல்முதல் ராசா வேசம் போட்டவர் மாதிரி இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவர் பெருமூச்சு விட்டு, குண்டுகளைச் சேட்டுப் பொக்கற்றில் போட்டு, பட்டியையும் துவக்கையும் என் மேசையில் வைத்துவிட்டு, களிசானைக் கழற்றித் தரத் திரைக்குப் பின்னால் போனார்.

அன்றைக்கு ஆயுத பூசை.

படம் எடுக்கிற ஃபிலிம் சுருள் வருமே ஒரு சின்ன டப்பி, அதற்குள் அம்மா குங்குமம் அனுப்பியிருந்தா. அவல் கிடைக்காதபடியால் ஓட்ஸில் சீனியும் தேங்காய்ப்பூவும் பிசைந்து கொண்டுவந்திருந்தேன். சந்தனமும் இல்லை. குங்குமத்தைத் தண்ணியில் குழைத்து மெசினுக்கு ஒன்று, கத்தரிக்கோலுக்கு ஒன்று, அயன் பெட்டிக்கு ஒன்று என்று பொட்டு வைத்துக்கொண்டு போனேன். அந்த வரிசையில் அடுத்ததாகத் துவக்கு கிடந்தது. நீயே சொல்லு. ஆயுத பூசை என்று பெயர் வைத்துவிட்டு, மேசையில் கிடக்கிற ஒரே ஒரு உண்மையான ஆயுதத்தை வெறும் நெற்றியோடு விடலாமா? மரப் பிடியில் மூன்று விரலையும் வைத்து நல்லாய் இழுத்துவிட்டேன்.

அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. பொட்டு வைத்த ஆயுதத்தை அன்றைக்கு வேலைக்கு எடுக்கக் கூடாது. நாடாவை எதால் பிரிப்பது? திரையைப் பார்த்துச் சொன்னேன்: "ருடே நோ வேர்க். மெசின் ஸ்லீப். சிசர் ஸ்லீப். கன் ஸ்லீப். ருமோறோ."

தெஸ்பினா தலையில் கை வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பொலிஸ்காரன் ஓடிவந்தான். பப்பில் பெரிய அடிபாடு, ஒருவன் கையில் உடைந்த போத்தல். சார்ஜன்ட் நாடாவை இறுக்கி, பட்டியை மாட்டிக்கொண்டு பாய்ந்தார். நான் பின்னால் நின்று "ஸ்லீப்! ஸ்லீப்!" என்று கத்துகிறேன். யார் கேட்டது?

நடந்ததைப் பின்னாலேயே ஓடிப்போய்ப் பப் யன்னலால் பார்த்த தெஸ்பினாதான் வந்து சொன்னாள், பாதி வாயால், பாதி கையால். இவர் வாசலில் நிற்கிறார். ஒருவனும் திரும்பவில்லை. பயத்தில் இவருடைய கை தானாகத் துவக்குப் பிடிக்குப் போகிறது. போத்தல்காரன் அதைக் காண்கிறான். பிடியெல்லாம் சிவப்பு, ஈரம் காயாத சிவப்பு, உறை வழியாக ஒழுகியிருக்கிறது. சார்ஜன்ட் கையை எடுத்துப் பார்க்கிறார். உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. இது என்ன என்று அவருக்கே விளங்கவில்லை. திகைத்துப்போய் லேஞ்சியை எடுத்து விரல் விரலாக, மெல்ல மெல்லத் துடைத்தாராம்.

போத்தல்காரன் போத்தலை மேசையில் பூ வைப்பது போல வைத்துவிட்டு, தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

திரும்பி வந்த சார்ஜன்ட் என் மூக்குக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினார். "வாட்ஸ் திஸ், லவ்?"

"பிறேயர்," என்றேன்.

இருமினார். பொக்கற்றுக்குள் எதுவோ கிலுங்கியது. தடவிப் பார்த்தார். ஆறு குண்டும் அங்கேயே இருந்தன! துவக்கு உண்மையாகவே நித்திரைதான். மனிசர் கதிரையில் குந்தி, கண்ணீர் வரச் சிரித்து, ஓட்ஸ் முழுவதையும் தின்று முடித்தார். பிறகு கேட்டார், இந்தப் பிறேயர் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று. நாடா இருந்தபடியே இருந்தது. எனக்கும் வேலை நிரந்தரமானது. மாதத்துக்கு ஒருதரம் வந்து, திரைக்குப் பின்னால் போய் நின்று, "கொஞ்சம் பிறேயர்" என்று கேட்பார். நான் ஃபிலிம் டப்பியைத் திறப்பேன்.

வீட்டில் இவர்தான் ஆடிப்போனார். "துவக்குக்கோ பொட்டு வைச்சனீர்? உமக்கென்ன விசரே? விசாவைக் கிழிச்சு அடுத்த கப்பலிலை ஏத்திவிடப் போறாங்களப்பா!"

"ஏத்தினா ஏத்தட்டும். சார்ஜன்ட் வந்து வழியனுப்புவார்," என்றேன்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். பப்பை இடித்து மாடி வீடு கட்டிவிட்டார்கள். ஃபிலிம் சுருள் இல்லை, அதனால் டப்பியும் இல்லை. பெரிய ரிவோல்வர்கள் எல்லாம் எங்கே போனதுகளோ. இப்போது இந்தப் பிள்ளைகளின் துவக்கு சப்பை, பட்டி இறுக்கம், களிசான் அசையாது. ஒருவரும் எதையும் பிடித்துத் தூக்குவதில்லை. எனக்கென்றால் பார்க்கச் சப்பென்று இருக்கிறது.

ஓ, ஒன்றை விட்டுவிட்டேன். அந்தப் பூசைக்கு அடுத்த நாள் காலையிலேயே மேல்வீட்டுப் பரமேஸ் அக்கா வேலியடிக்கு வந்துவிட்டா. பின்னால் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவியும் இரவு உடுப்போடு. சார்ஜன்ட் யாரையோ முடித்துவிட்டாராம், ஊரெல்லாம் அதே கதை. "நீர் அங்கைதானே வேலை செய்யிறீர். அது ஆரின்ர ரத்தம் எண்டு சொல்லுமன்," என்று என் கையைப் பிடித்தா.

நான் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினேன்.

"எனக்கொண்டும் தெரியாதக்கா. ஆனா அந்தாளின்ர சேட்டு ஒண்டை நான் மூண்டு தரம் தோய்ச்சனான்."