சொகுசுக் கப்பலுக்குச் சட்டை தைத்தோம்

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் என்றால், பையர், அதாவது வெளிநாட்டில் துணி வாங்குகிறவர், சொல்வதை டெய்லருக்கும் டெய்லர் சொல்வதைப் பையருக்கும், இரண்டு பேருக்கும் கோபம் வராதபடி மாற்றிச் சொல்லுகிறவன். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பெருமாநல்லூரில் எங்கள் கம்பெனிக்கு ஒருமுறை, ஒரே ஒரு பணக்காரக் குடும்பம் வைத்திருக்கும் சொகுசுக் கப்பலின் ஆர்டர் வந்தது. அப்போது நடந்தவை இவை.

நீச்சல் குளம்

நிறம் பார்ப்பதற்காகக் கப்பலின் வீடியோவை அனுப்பியிருந்தார்கள். மேல்தளத்தில் நீச்சல் குளம், அதன் அடியில் கண்ணாடித் தரை, பக்கத்தில் ஹெலிகாப்டர் இறங்க இடம். ஏதோ நானே கட்டியதுபோல தையல் மெஷின் வரிசைகளில் லைன் லைனாகப் போய்க் காட்டினேன். தைத்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங்கில் இருக்கும் சரஸ்வதியக்கா முழுதாகப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். நான் சத்தமாகச் சிரித்து, ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு துணியைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதுதான், அந்தக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை என்பது உறைத்தது. அவர் கேட்டது இதுதான்:

"ஏனுங்க சார், சுத்தியும் கடலு கெடக்கறப்ப, நடுவால குளத்த வேற எதுக்குங்க கட்டி வெச்சிருக்காங்க?"

தொப்பி வைத்த துண்டு

ஆர்டரில் தொப்பி வைத்த குளியல் துண்டு நான்கு இருந்தது. அளவுத் தாளில் 'கழுத்திலிருந்து வால் வரை' என்று போட்டிருந்தது. நாய்க்கு என்று சொன்னால் டெய்லர் முருகேசன் என்ன நினைப்பாரோ என்று, 'வால் வரை' என்பதை அடித்து 'நீளம்' என்று எழுதி, குழந்தைகளுக்கு என்று சொல்லிக் கொடுத்தேன்.

முருகேசன் ராமநாதபுரத்துக்காரர். குழந்தையை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். கழுத்தில் வரவேண்டிய லேபிளைப் பிரித்து, குழந்தைக்கு உறுத்தும் என்று பக்கத் தையலில் வைத்துத் தைத்தார். நான்கையும் டீ நேரத்தில் உட்கார்ந்து மாற்றினார். பையருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அது என் யோசனை என்றே பதில் எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து, அந்தத் துண்டைப் போர்த்திக்கொண்டு கப்பலில் நிற்கும் நாயின் படம் வந்தது. என் கம்ப்யூட்டரில் அது திறந்திருந்தபோது முருகேசன் பின்னால் நின்றிருக்கிறார். நான் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமாகப் படத்தை மூடப் போனேன். அதற்குள் அவர் சொன்னார்:

"நாய்க்கும் கழுத்து உறுத்தத்தான் சார் செய்யும்."

சுவர் நிறம்

கப்பல் பணியாளர்களின் சட்டை மணல் நிறத்தில் வேண்டும் என்றார்கள். உள்சுவரும் அதே நிறம். வேலை செய்கிறவர்கள் விருந்தினர் கண்ணில் தனியாகத் தெரியக் கூடாதாம். என்ன ரசனை பாருங்கள் என்று செக்கிங் டேபிளில் நின்று சிலாகித்தேன்.

அடுத்த வாரம் பையர் தரப்பில் ஒரு அம்மாள் பார்வையிட வந்தார். இடம் நெரிசலாகத் தெரிய வேண்டாம் என்று, செக்கிங் பெண்கள் பன்னிரண்டு பேரையும் ஜெனரேட்டர் பக்கம் போய் நிற்கச் சொன்னேன். அந்த அம்மாள் பார்த்தார், பாராட்டினார், கிளம்பினார். நான் அவரோடு காரில் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வரும்போது மணி மூன்று. பன்னிரண்டு பேரும் வெயிலில் அங்கேயே நின்றிருந்தார்கள். கூப்பிடச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பைகள் உள்ளே இருந்தன. சரஸ்வதியக்கா கோபமே இல்லாமல், வழக்கமான மரியாதையோடு சொன்னார்:

"எங்களுக்கும் அந்தச் செவுத்துக் கலர்லயே ஒண்ணு தெச்சுக் குடுத்திருந்தீங்கன்னா, உள்ளயே நின்னிருப்பமுங்க சார்."

அந்தக் கப்பலைப் பற்றி யாராவது இப்போது கேட்டால், அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் ஒன்றுமில்லை, என்னைப் பற்றித்தான் கொஞ்சம் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.